கொசெகி: கடல் கடந்த ஒரு குடும்பக் காகிதத்தின் கதை

ஜப்பானியர் ஒருவர் வெளிநாட்டில் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார் அல்லது வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாட்டு அலுவலகத்தில் முதலில் கேட்பது பிறப்புச் சான்றிதழ். நாம் நகராட்சியில் வாங்கி லேமினேட் செய்து பீரோவில் பத்திரப்படுத்தும் அதே சமாச்சாரம்தான். ஆனால் ஜப்பானியர் கையில் அப்படி ஒரு காகிதம் சாதாரணமாக இருக்காது!

என்ன, ரோபோ செய்கிற நாட்டில் பிறப்புச் சான்றிதழ் இல்லையா என்று கேட்கிறீர்களா? குழந்தை பிறந்த 14 நாட்களுக்குள் உள்ளூர் அலுவலகத்தில் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவித்ததும் அந்தப் பிறப்பு ஒரு குடும்பப் பதிவேட்டில் ஒரு வரியாக ஏறிவிடும். அந்தப் பதிவேட்டின் பெயர் கொசெகி. பிறப்பு, கல்யாணம், விவாகரத்து, தத்து, சாவு எல்லாமே அதில் ஒவ்வொரு வரி. சான்று தேவைப்படும்போது அந்தக் குடும்பத்தின் பக்கத்தை அப்படியே நகல் எடுத்துக் கொடுப்பார்கள்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வெளிநாட்டு அலுவலகம் கேட்பது ஒரு தனி மனிதரைப் பற்றிய காகிதம். ஜப்பான் கொடுப்பது ஒரு வீட்டைப் பற்றிய காகிதம். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவர் மொழிபெயர்ப்பாளர். அவருக்கு வரும் தலைவலிகள் பெரும்பாலும் மொழியால் வருபவை அல்ல, சரித்திரத்தால் வருபவை. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ராஜா எண்ணிய தலைகள்

ஜப்பானில் ஆட்களைப் பதிவேட்டில் எழுதும் பழக்கம் மிகப் பழையது. கி.பி. 670-இல் தென்ஜி சக்கரவர்த்தி காலத்தில் நாடு முழுவதற்கும் ஒரு பதிவேடு தயாரானது. அது இப்போது இல்லை. ஆனால் 702-ஆம் ஆண்டின் பதிவேட்டுத் துண்டுகள் சில நாரா நகரின் ஷோசோயின் களஞ்சியத்தில் 1,300 ஆண்டுகளைத் தாண்டி இன்றும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் நோக்கம் எளிமையானது: யாருக்கு நிலம் கொடுப்பது, யாரிடம் வரி வாங்குவது, யாரைப் படைக்கு அனுப்புவது.

பிறகு எதோ காலத்தில் (1603-1868) இந்த வேலை புத்த கோவில்களிடம் போனது. கிறிஸ்தவ மதத்தைத் தடை செய்திருந்த ஆட்சி அது. 'இந்தக் குடும்பம் எங்கள் கோவிலைச் சேர்ந்தது, கிறிஸ்தவர்கள் அல்ல' என்று ஒவ்வொரு வீட்டுக்கும் கோவில் சான்று தர வேண்டும். அந்தக் கணக்கே மெல்ல மெல்ல ஊரின் மக்கள்தொகைப் பதிவேடாகவும் ஆனது.

1868-இல் மெய்ஜி ஆட்சி வந்தது. புதிய அரசுக்கு வரி வேண்டும், படை வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில் ஆட்கணக்கு வேண்டும். 1871-இல் கொசெகிச் சட்டம் வந்தது, 1872-இல் நாடு முழுக்கப் பதிவேடு தயாரானது. அந்த வருடத்தின் சுழற்சிப் பெயரால் அதை 'ஜின்ஷின் கொசெகி' என்பார்கள் (நாம் 'விரோதி வருஷம்', 'தாது வருஷம்' என்று சொல்வது போல). அதில் எண்ணப்பட்டவர்கள் சுமார் 3 கோடியே 31 லட்சம் பேர். சாதாரண ஜனங்களில் பெரும்பாலோருக்கு அதுவரை அதிகாரபூர்வமான குடும்பப் பெயரே கிடையாது. 1870-இல் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 1875-இல் வைத்தே ஆக வேண்டும் என்றார்கள்.

காகிதத்தில் ஒட்டிய சாதி

இந்த முதல் கொசெகிக்கு ஒரு இருண்ட பக்கம் உண்டு. தோல் வேலை போன்ற தொழில்களைச் செய்த, தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட மக்களை 1871-இல் அரசு 'இனி நீங்களும் சாதாரணக் குடிமக்களே' என்று அறிவித்தது. ஆனால் பதிவேடு எழுதியவர்கள் பல இடங்களில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் 'புதிய குடிமகன்' என்றோ பழைய சாதிப் பெயரையோ எழுதி வைத்துவிட்டார்கள். 'புதிய' என்கிற அந்த ஒரு சொல் போதாதா, யார் என்று காட்டிக்கொடுக்க?

அதைவிட மோசம், கொசெகி அந்தக் காலத்தில் ரகசியக் காகிதம் அல்ல. கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் யாருடையதையும் பார்க்கலாம். பெண் கொடுக்கும் முன்பு, வேலை கொடுக்கும் முன்பு, ஆள் வைத்துத் துருவினார்கள். 1968-இல்தான் ஜின்ஷின் கொசெகி முழுவதும் யாரும் பார்க்க முடியாதபடி மூடப்பட்டது. 1975-இல் ஒதுக்கப்பட்ட மக்கள் வாழும் ஊர்களின் பட்டியல் ஒன்று ரகசியமாகக் கம்பெனிகளுக்கு விற்கப்பட்டது வெளியே வந்து பெரிய கொந்தளிப்பானது. 1976-இல் சட்டத்தைத் திருத்தி, அடுத்தவர் கொசெகியைக் கண்டபடி பார்க்கும் வழியை அடைத்தார்கள். 2008 முதல் கெடுபிடி இன்னும் கூடியது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கொசெகியில் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை உண்டு. 'சும்மா ஒரு வார்த்தைதானே' என்று மொழிபெயர்த்துவிட முடியாது.

தலைவர் போனார், முதல் பெயர் வந்தது

1898-இன் சிவில் சட்டப்படி கொசெகி என்றால் 'இயெ', அதாவது வீடு. தாத்தா, மகன், மருமகள், பேரன், தம்பி குடும்பம் என்று ஒரு பெரிய கூட்டமே ஒரே பதிவேட்டில் இருக்கும். அதன் தலைவர் 'கொஷு'. வீட்டில் யார் யாரை மணப்பது, யார் எங்கே வசிப்பது என்பதற்கெல்லாம் அவர் சம்மதம் வேண்டும்.

உலகப் போரில் தோற்ற பிறகு புதிய அரசியல் சாசனம் வந்தது. புதிய சிவில் சட்டமும் கொசெகிச் சட்டமும் 1948 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இனி ஒரு பதிவேட்டில் கணவன் மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள், அவ்வளவுதான். மூன்று தலைமுறைக்கு இடமில்லை. கொஷுவும் போய்விட்டார். அவர் இடத்தில் 'ஹித்தோஷா' என்று ஒருவர் இருக்கிறார். இந்தச் சொல்லுக்கு அர்த்தம் 'முதலில் எழுதப்பட்டவர்', அவ்வளவே. ஒரு அதிகாரமும் கிடையாது. பதிவேட்டைத் தேடி எடுக்க உதவும் ஒரு பெயர். அவர் இறந்த பிறகும் அதே பெயரில்தான் அந்தப் பக்கம் நிற்கும்.

இப்போது பாருங்கள். 1930-ஆம் வருடத்துக் கொசெகியையும் 1990-ஆம் வருடத்துக் கொசெகியையும் ஒருவர் மொழிபெயர்க்கிறார். இரண்டு இடத்திலும் 'குடும்பத் தலைவர்' என்று போட்டால் என்ன ஆகும்? நடுவில் நடந்த ஒரு பெரிய சட்ட மாற்றமே காணாமல் போய்விடும். வீட்டையே ஆண்ட கிழவரும் வெறும் முதல் வரியில் இருப்பவரும் ஒரே ஆள் மாதிரி ஆகிவிடுவார்கள்!

கப்பல் ஏறிய காகிதங்கள்

இந்தக் காகிதம் எப்போது கடல் கடந்தது? ஜப்பானியர் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தபோதுதான்.

அமெரிக்காவும் ஜப்பானும் 1907-1908-இல் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தன. புதிதாகக் கூலியாட்களை அனுப்புவதில்லை, ஆனால் அங்கே இருப்பவர்களின் மனைவி மக்கள் போகலாம். கலிபோர்னியாவில் இருந்த கல்யாணமாகாத ஆண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஊருக்குப் புகைப்படம் அனுப்பினார்கள். ஊரில் பெரியவர்கள் பெண் பார்த்து, அவள் பெயரைக் கணவனின் கொசெகியில் சேர்த்துவிட்டார்கள். ஜப்பானியச் சட்டப்படி அதோடு கல்யாணம் முடிந்தது! மாப்பிள்ளை பசிபிக் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் பரவாயில்லை. இவர்களைத்தான் 'புகைப்பட மணமகள்கள்' என்கிறது சரித்திரம். பதிவேட்டில் ஒரு வரி, அந்த வரியால் ஒரு பாஸ்போர்ட், அந்தப் பாஸ்போர்ட்டால் ஒரு வாழ்க்கை. துறைமுகத்தில் கையில் படத்தை வைத்துக்கொண்டு கூட்டத்தில் புருஷனைத் தேடியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் அமெரிக்க அதிகாரிகள் இந்தக் காகிதக் கல்யாணத்தை ஏற்காமல், கரையில் இறங்கியதும் இன்னொரு முறை மணம் செய்யச் சொன்னார்கள். அமெரிக்காவில் எழுந்த எதிர்ப்பால், 1920-இல் ஜப்பான் அரசு அந்நாட்டுக்குப் போகும் இப்படிப்பட்ட பெண்களுக்குப் பாஸ்போர்ட் தருவதை நிறுத்தியது.

பிரேசில் கதை இதைவிட ருசிகரம். 1908 ஜூன் 18 அன்று 'கசாதோ மாரு' என்ற கப்பல் 781 ஒப்பந்தக் குடியேறிகளோடு சாந்தோஸ் துறைமுகத்தை அடைந்தது. காபித் தோட்டக்காரர்கள் கேட்டது தனி ஆட்களை அல்ல, குடும்பங்களை. ஒரு குடும்பத்தில் குறைந்தது மூன்று பேர் உழைக்கும் வயதில் இருக்க வேண்டும். அப்படிக் குடும்பம் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? கொசெகியிலேயே குடும்பத்தைத் தயார் செய்தார்கள்! தெரிந்தவரைத் தத்து எடுத்தது மாதிரி, உறவினர் பெண்ணை மணந்தது மாதிரி எழுதிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். ஜப்பானிய மொழியில் இதற்குப் பெயரே 'அமைக்கப்பட்ட குடும்பம்'.

முத்திரை அசல், உறவு பொய். ஆனால் அந்தப் பொய் உறவே பிறகு அந்தப் பிள்ளைகளின் குடும்பப் பெயர் ஆகி, பேரப் பிள்ளைகளின் அடையாளமும் ஆகிவிட்டது.

மொழிபெயர்ப்பாளரின் தலைவலிகள்

சரி, இப்போது ஒரு பழைய கொசெகி மேசை மேல் இருக்கிறது. மொழிபெயர்க்க உட்காரலாம்.

முதல் தலைவலி, தேதி. கொசெகியில் சக்கரவர்த்தி ஆட்சி ஆண்டுதான் இருக்கும். மெய்ஜி என்றால் 1867-ஐக் கூட்டுங்கள், தைஷோவுக்கு 1911, ஷோவாவுக்கு 1925, ஹெய்செய்க்கு 1988, ரெய்வாவுக்கு 2018. சுலபம்தானே என்று தோன்றும். ஆனால் 1989-இல் ஜனவரி 1 முதல் 7 வரை பிறந்தவர் 'ஷோவா 64', 8-ஆம் தேதி பிறந்தவர் 'ஹெய்செய் 1'. இன்னும் பின்னால் போனால் வம்பு அதிகம். ஜப்பான் நம் இன்றைய காலண்டருக்கு மாறியது 1873 ஜனவரி 1-இல். அதற்கு முன்பு இருந்தது சந்திரனைப் பார்த்துப் போட்ட காலண்டர். மெய்ஜி 5-ஆம் ஆண்டின் 12-ஆம் மாதத்துக்கு இரண்டே நாள்தான், மூன்றாம் நாள் புது வருடம் வந்துவிட்டது! எனவே 'மெய்ஜி 4, 12-ஆம் மாதம்' என்பதை '1871 டிசம்பர்' என்று எழுதினால் தப்பு. அது 1872 ஜனவரி, பிப்ரவரியில் வருகிறது.

இரண்டாவது, எண்கள். யாரும் ஒரு கோடு போட்டு ஒன்றை இரண்டாக்கிவிடக் கூடாது என்று பழைய பதிவேடுகளில் எண்களைச் சிக்கலான எழுத்துகளில் எழுதியிருப்பார்கள். நம்மூர் காசோலையில் தொகையை எழுத்திலும் எழுதச் சொல்வதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான்.

மூன்றாவது, பெயர். இதுதான் பெரிய தலைவலி. ஜப்பானியப் பெயர்கள் கான்ஜி எழுத்தில் எழுதப்படுகின்றன (குறிலாக எழுதினால் நாம் குடிக்கிற கஞ்சி ஆகிவிடும் :-)). ஒரே கான்ஜியைப் பல விதமாக வாசிக்கலாம். ஒரு பெண் பெயரின் இரண்டே எழுத்துகளை சச்சிகோ என்றும் வாசிக்கலாம், யுகிகோ என்றும் வாசிக்கலாம். இரண்டும் சரி. ஆனால் கொசெகியில் உச்சரிப்பு எழுதும் வழக்கமே இருக்கவில்லை! அதாவது, ஒருவரின் அடையாளத்துக்கு ஆதாரமான காகிதத்தைப் பார்த்து அவர் பெயரை எப்படிக் கூப்பிடுவது என்று கண்டுபிடிக்க முடியாது. சட்டத்தைத் திருத்தி, 2025 மே 26 முதல்தான் உச்சரிப்பையும் கொசெகியில் சேர்க்க ஆரம்பித்தார்கள். பாட்டி காலத்துப் பெண் பெயர்கள் பல, இன்று பள்ளியில் கற்பிக்காத பழைய எழுத்து வடிவங்களில் வேறு இருக்கும்.

உச்சரிப்பு தெரிந்தாலும் ரோமன் எழுத்தில் போடும்போது இன்னொரு இழப்பு. ஓனோ என்று ஒரு குடும்பப் பெயர், ஒனோ என்று இன்னொன்று. முன்னதில் 'பெரிய வெளி', பின்னதில் 'சிறிய வெளி' என்று பொருள். வழக்கமான பாஸ்போர்ட் எழுத்துக்கூட்டலில் இரண்டும் ஒரே மாதிரி ஆகிவிடும். தமிழில் எழுதினால் குறில் நெடில் பிரச்சினையே வராது என்பதைக் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்!

நான்காவது, அடித்த பெயர்கள். விவாகரத்து ஆகியோ இறந்தோ ஒருவர் பதிவேட்டை விட்டுப் போனால், காகிதக் காலத்தில் அவர் பெயர் மேல் பெருக்கல் குறி போட்டு அடித்தார்கள். விவாகரத்து ஆனவரை ஜப்பானியர் பேச்சு வழக்கில் 'பட்ஸு இச்சி' என்பார்கள். 'ஒரு பெருக்கல் குறி' என்று அர்த்தம்! ஒரு அலுவலகக் கோடு பேச்சு மொழிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. மொழிபெயர்ப்பில் அந்தக் குறியையும் சொல்லியாக வேண்டும்.

ஐந்தாவது, உறவு. தாய் தந்தை மணமாகாமல் பிறந்த பிள்ளையை 'மூத்த மகன்' என்று எழுதாமல் வெறும் 'ஆண்' என்றே எழுதினார்கள். 2004 நவம்பரில்தான் அது மாறியது. 1988 முதல் நடைமுறையில் உள்ள சிறப்புத் தத்து முறையில் பிள்ளையை 'மூத்த மகன்' என்றே எழுதுவார்கள். ஆனால் பக்கத்துக் குறிப்பில் சிவில் சட்டத்தின் ஒரு பிரிவு எண் மட்டும் இருக்கும். விஷயம் தெரிந்தவருக்கு அந்த எண்ணே எல்லாம் சொல்லிவிடும். முழுமையான மொழிபெயர்ப்பு என்றால் அந்த எண்ணை விட முடியாது.

முத்திரைக்கு மேல் முத்திரை

'அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பு' என்கிறோமே, அதைச் செய்வது யார்? ஜெர்மனியில் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்கள் உண்டு, பிரேசிலிலும் அரசு அங்கீகாரம் பெற்றவர்கள் உண்டு. ஜப்பானில் அப்படி ஒரு வகையே இல்லை. எனவே காகிதத்தைக் கேட்கும் நாட்டின் விதிதான் விதி. அமெரிக்கக் குடிவரவுத் துறைக்கு, 'இது முழுமையானது, சரியானது, எனக்கு இரண்டு மொழியும் தெரியும்' என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்துப் போட்டால் போதும்.

இன்னும் கண்டிப்பான இடங்களுக்கு ஒரு சுற்று இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் ஒரு உறுதிமொழி எழுதி நோட்டரி முன் கையெழுத்துப் போடுவார். அந்த நோட்டரி நோட்டரிதான் என்று சட்ட விவகார அலுவலகம் சான்று தரும். அந்தச் சான்று அசல்தான் என்று வெளியுறவு அமைச்சகம் முத்திரை வைக்கும். (தோக்கியோ போன்ற சில இடங்களில் நோட்டரி அலுவலகத்திலேயே எல்லாம் முடிந்துவிடும்.) அந்தக் கடைசி முத்திரைதான் 'அபோஸ்டில்'. 1961-இன் ஹேக் ஒப்பந்தத்தில் பிறந்தது. ஜப்பானில் 1970 ஜூலை முதலும் இந்தியாவில் 2005 ஜூலை முதலும் செல்லும். சீனாவில் 2023 நவம்பரிலும் கனடாவில் 2024 ஜனவரியிலும்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை அந்த நாடுகளுக்குப் போகும் காகிதம் அவற்றின் தூதரகத்துக்கும் ஒரு நடை போக வேண்டியிருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நோட்டரி பார்ப்பது கையெழுத்தை. அமைச்சகம் பார்ப்பது முத்திரையை. 'சச்சிகோ'வா 'யுகிகோ'வா என்று இந்த வரிசையில் ஒருவர்கூடப் பார்ப்பதில்லை! அந்தப் பொறுப்பு முழுக்க மேசையில் உட்கார்ந்த அந்த ஒரு ஆளுடையதுதான்.

ஒரு வரி செய்த வேலை

1952 ஏப்ரல் 28. சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாள். அதுவரை ஜப்பான் ஆட்சியில் இருந்த கொரியர்களுக்கும் தைவான்காரர்களுக்கும் தனிப் பதிவேடுகள் இருந்தன. அந்தப் பதிவேடுகளில் பெயர் இருந்தவர்கள் எல்லாம், ஜப்பானிலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும், அன்றோடு ஜப்பானியக் குடியுரிமையை இழந்தார்கள். கொரியரை மணந்து அவர் பதிவேட்டுக்குப் பெயர் மாறிய ஜப்பானியப் பெண்களும் சேர்ந்தே இழந்தார்கள். ரத்தமும் பார்க்கவில்லை, ஊரும் பார்க்கவில்லை. எந்தப் பதிவேட்டில் பெயர் என்று மட்டும் பார்த்தார்கள்.

1945-இல் மஞ்சூரியாவில் விடப்பட்டு, சீனக் குடும்பங்களில் வளர்ந்த ஜப்பானியக் குழந்தைகளின் கதை இன்னொன்று. 1959-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, திரும்பாத பலரை இறந்துவிட்டதாக அறிவித்துக் கொசெகியிலிருந்து நீக்கினார்கள். 1981 முதல் அவர்கள் உறவுகளைத் தேடி ஜப்பானுக்கு வந்தபோது, தம் சொந்தப் பதிவேட்டில் தாமே இறந்துபோனவர்களாக இருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

பிரேசில் கதையும் திரும்பி வந்தது. 1990 ஜூனில் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத் திருத்தத்தால், ஜப்பானியரின் பேரப் பிள்ளைகள் ஜப்பானில் தங்கி வேலை செய்ய வழி பிறந்தது. ஆதாரம்? தாத்தாவின் கொசெகி! அதோடு பிரேசிலில் வாங்கிய பிறப்பு, திருமணச் சான்றுகளும் ஜப்பானிய மொழிபெயர்ப்போடு வேண்டும். இப்போது காகிதம் எதிர்த் திசையில் கடல் கடந்தது. போர்த்துகீசியக் காது கேட்டு எழுதிய தாத்தா பெயரும் கொசெகியில் கான்ஜியில் இருந்த பெயரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. ஒகினாவாக்காரர்களுக்கு இன்னும் கஷ்டம். 1945 போரில் ஒகினாவாவின் முக்கியத் தீவில் பதிவேடுகள் பெரும்பாலும் எரிந்துபோய், பிறகு திரும்ப எழுதப்பட்டவை.

மொழிபெயர்க்க ஒரு வரிகூட இல்லாதவர்களும் இருக்கிறார்கள். விவாகரத்து ஆகி 300 நாளுக்குள் பிறக்கும் குழந்தையை முன்னாள் கணவரின் குழந்தையாகவே சட்டம் கருதியது. அவர் கொடுமைக்குப் பயந்து ஓடி வந்த தாய்மார்கள் சிலர் குழந்தையைப் பதிவு செய்யாமலே விட்டார்கள். அந்தக் குழந்தைகள் கொசெகி இல்லாமலே வளர்ந்தார்கள். 2024 ஏப்ரலில் இந்த விதி தளர்ந்தது. தாய் மறுமணம் செய்துகொண்ட பிறகு பிறந்தால், இப்போதைய கணவரே தந்தை.

முடிவாக...

இன்று ஒரு கொசெகி நகலுக்குக் கட்டணம் 450 யென், மூடப்பட்ட பழையதற்கு 750 யென். 2024 மார்ச் முதல் சொந்த ஊருக்குப் போகாமலே எந்த நகராட்சியிலும் வாங்கலாம். எல்லாம் சுலபமாகிக்கொண்டே வருகிறது. ஆனால் மொழிபெயர்ப்பாளரின் வேலை மட்டும் சுலபமாகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர் காகிதத்தைத் திருத்தக் கூடாது. பொய்த் தத்தாக இருந்தாலும் தத்து என்றே எழுத வேண்டும். உயிரோடு எதிரில் நிற்பவரை அந்தக் காகிதம் இறந்தவர் என்று சொன்னால், இறந்தவர் என்றே மொழிபெயர்க்க வேண்டும். திருத்தம் வேண்டுமானால் குடும்ப நீதிமன்றம் இருக்கிறது, அங்கே போய்ப் போராட வேண்டும். ஏனென்றால் அதிகாரிக்குப் பிடிக்கும்படி ஒரு வரியை மொழிபெயர்ப்பிலேயே சரிசெய்துவிட்டால், அந்த மனிதருக்கு நடந்த அநியாயத்துக்கான ஒரே சாட்சியும் சேர்ந்து அழிந்துவிடும்.

தப்பான வரியையும் தப்பாகவே மொழிபெயர்த்துக் கொடுப்பது நேர்மையா, இல்லை ஈவிரக்கமில்லாத செயலா? நான் நேர்மை என்றுதான் சொல்வேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?